கரை கேட்ட கப்பல்

வெனிஸுக்கு எதிரே, பெருநிலத்துக் கரையில், மார்கேரா என்று ஓர் ஊர். கப்பல் கட்டும் தளத்துக்குப் பேர்போனது. வெஸ்டர்டாம் பிறந்தது அங்கே. 2004 ஏப்ரலில் வெனிஸிலேயே அதற்குப் பெயர் சூட்டினார்கள். நீளம் 285 மீட்டர். கொள்ளளவு ஏறக்குறைய 82,000 டன். 1,900 பயணிகளுக்கு மேல் ஏற்றலாம். நடத்துவது ஹாலந்து அமெரிக்கா லைன். அந்த நிறுவனத்துக்கு மேலே முதலாளி அமெரிக்காவின் கார்னிவல் குழுமம். பின்பக்கம் பறப்பதோ நெதர்லாந்துக் கொடி. ஒரு கப்பலுக்கு இத்தனை தாய்வீடு. அவசரம் வந்த நாளில் எந்த வீடும் பக்கத்தில் இல்லை.

பிறந்த ஊரில் ஒரு பொருத்தம் இருக்கிறது. கொள்ளைநோய்க்குப் பயந்து கப்பல்களைக் கரைக்கு வெளியே காக்கவைக்கும் பழக்கத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தவை அந்தக் கடலோர நகரங்கள்தாம். இன்றைய குரோஷியாவில் உள்ள ரகூசா 1377-இல் முப்பது நாள் காத்திருக்கச் சொன்னது. வெனிஸ் அதை நாற்பதாக்கியது. இத்தாலியில் நாற்பதுக்குக் குவாரண்டா என்று பெயர். குவாரன்டைன் என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். வருகிற கப்பல்களின் ஆட்களையும் சரக்கையும் நிறுத்திவைக்க 1468-இல் ஒரு தீவையே ஒதுக்கினார்கள். நாற்பது நாள் கொடுமைதான். ஆனால் நாற்பத்தோராம் நாள் வெளியே வரலாம் என்று காத்துக் கிடப்பவனுக்குத் தெரியும். 2020 பிப்ரவரியில் வெஸ்டர்டாம் பயணிகளுக்கு அந்தக் கணக்குகூடக் கிடைக்கவில்லை.

கப்பல் ஒரு நாட்டுக்குள் நுழைவது எப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விமானத்தில் வருகிறவனைத் தனித்தனியாகப் பார்ப்பார்கள். கப்பலில் அப்படி இல்லை. முதலில் கப்பலே ஒரு ஆள். சர்வதேச சைகைக் கொடிகளில் க்யூ எழுத்துக்கு உரியது முழு மஞ்சள் கொடி. மஞ்சள் கொடி என்றதும் உள்ளே நோய் என்று பதறுவது பழைய காலத்து வழக்கம். இன்றைய பொருள் நேர் எதிர்: என் கப்பல் நலமாக இருக்கிறது, உள்ளே வர அனுமதி தாருங்கள். அந்த அனுமதிக்கு ஃப்ரீ பிராட்டிக் என்று பெயர். அது கிடைக்காதவரை ஒருவரும் படியிறங்கக் கூடாது.

பிராட்டிக் வாங்க ஒரு தாள் வேண்டும். கேப்டன் கையெழுத்திட்டு, மருத்துவர் இருந்தால் அவரும் கையெழுத்திட்டுத் துறைமுக சுகாதார அதிகாரிக்கு அனுப்பும் கடல்வழிச் சுகாதார அறிவிப்பு. 2005-ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார விதிகளில் எட்டாம் பின்னிணைப்பாக அதன் மாதிரி இருக்கிறது. அதில் நோய் பற்றி ஒன்பது கேள்விகள். விபத்தல்லாத காரணத்தால் யாராவது இறந்தார்களா, தொற்றுநோய் என்று ஐயப்படும்படி யாருக்காவது உடம்பு சரியில்லையா, நோயாளிகளின் எண்ணிக்கை வழக்கத்துக்கு மேல் போயிருக்கிறதா, இப்படிப் போகும். ஒன்பதுக்கும் இல்லை என்று எழுதினால் போதும் என்பதுதான் கடலோடிகளின் நெடுநாள் அனுபவம். ஆனால் அந்தக் கேள்விகளுக்கு மேலே இன்னொரு இடம் உண்டு. பயணம் தொடங்கியதிலிருந்தோ கடந்த முப்பது நாளிலோ தொட்டுவந்த துறைமுகங்களைத் தேதியோடு எழுதும் இடம். சாதாரண நாளில் குமாஸ்தா வேலை. வெஸ்டர்டாமின் தலையெழுத்து அங்கேதான் இருந்தது. ஒன்பது கேள்விக்கும் நல்ல பதில் கைவசம் இருந்த கப்பல் அது. துறைமுக வரிசையில் இருந்த ஒரு பெயர் எல்லாவற்றையும் அடித்துவிட்டது: ஹாங்காங், பிப்ரவரி 1.

அன்றைக்கு அந்த ஊரில் கப்பல் ஏறுவது விதிக்கு விரோதமில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கப்பல்காரர்கள் விதியை மீறி மாட்டிக்கொண்டார்கள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. சீனாவின் வூஹான் நகரம் கொரோனாவால் ஜனவரி 23-லேயே மூடப்பட்டிருந்தது. ஹாங்காங் திறந்திருந்தது. 1,455 பயணிகளும் 802 ஊழியர்களுமாகக் கப்பல் கிளம்பியது. மணிலா, தைவான், ஜப்பான் என்று சுற்றி, பிப்ரவரி 15-இல் யோகஹாமாவில் இறக்கிவிடுவதாகத் திட்டம். பயணிகளில் அறுநூறுக்கு மேற்பட்டோர் அமெரிக்கர்கள். பணி ஓய்வு பெற்று, சேமித்த பணத்தில் உலகம் பார்க்கக் கிளம்பிய வயதினர் நிறையப் பேர்.

கிளம்பிய மறுநாளே முதல் கதவு அடைந்தது. சீனாவுக்கு வெளியே கொரோனாவின் முதல் மரணம் மணிலாவில் நிகழ்ந்திருந்தது. பிப்ரவரி 2-இல் பிலிப்பைன்ஸ் சீனா, ஹாங்காங், மக்காவிலிருந்து வருவோருக்குத் தடை போட்டது. மணிலா திட்டத்திலிருந்து விழுந்தது. கப்பல் தைவானின் காவ்சியுங் துறைமுகத்துக்குப் போனது. அங்கே தடை ஏதும் இல்லை. பயணிகள் இறங்கி ஊர் பார்த்துவிட்டு ஏறினார்கள். பிப்ரவரி 4. இரண்டே நாளில், 6-ஆம் தேதி, எல்லாப் பன்னாட்டுப் பயணக் கப்பல்களுக்கும் தைவான் தன் துறைமுகங்களை மூடிவிட்டது. செவ்வாய்க்கிழமை கடைவீதியில் விருந்தாளிகளாக நடந்தவர்கள் வியாழக்கிழமை கரையை நெருங்கக் கூடாதவர்கள். அவர்கள் உடம்பில் ஒன்றும் மாறவில்லை. வெப்பமானியிலும் மாறவில்லை.

கப்பல் மணிக்கு இருபது கடல்மைல் போகும். ஓர் அமைச்சரவைத் தீர்மானம் அதைவிட வேகமாகப் போகும். வெஸ்டர்டாமின் கதையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: அது ஒவ்வொரு துறைமுகத்துக்கும் நேற்றைய விதியை நம்பிப் புறப்பட்டு, இன்றைய விதியின் முன்னால் போய் நின்றது. விமானம் நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். நடுவழியில் சட்டம் மாறுவது அபூர்வம். கப்பல் இரண்டு மூன்று நாள் போனால்தான் அடுத்த ஊர். அதற்குள் ஒரு நாட்டில் ஒரு நோயாளி கண்டுபிடிக்கப்படலாம், ஒரு செய்தியாளர் சந்திப்பு நடக்கலாம், ஓர் அரசு பயந்துவிடலாம்.

ஜப்பான் பயந்ததற்குக் கண்முன்னே காரணம் இருந்தது. அதே கார்னிவல் குடும்பத்தின் இன்னொரு கப்பலான டைமண்ட் பிரின்சஸ் பிப்ரவரி 3 இரவு யோகஹாமாவுக்கு வந்து நின்றது. ஜனவரி 25-இல் ஹாங்காங்கில் அதிலிருந்து இறங்கிய ஒரு முதியவருக்குத் தொற்று என்று பின்னால் தெரியவந்தது. 3,711 பேர் உள்ளே. 5-ஆம் தேதி அறைக்குள் அடைத்தார்கள். முடிவில் 712 பேருக்குத் தொற்று. அறைக்குள் இருந்தவர்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த ஊழியர்கள் கீழ்த்தளத்தில் பங்குபோட்டுப் படுக்கும் அறைகளில் உறங்கினார்கள். தனிமைப்படுத்தல் அந்தத் தளம்வரை இறங்கி வரவில்லை. அந்த ஊழியர்களில் 132 பேர் இந்தியர்கள், பயணிகளில் 6 பேர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். மதுரைப் பக்கத்து ஊழியர் ஒருவர் எங்களைக் கூட்டிப்போங்கள் என்று கேட்ட காணொளியை இங்கே பலர் பார்த்திருப்பார்கள். பிப்ரவரி 27-இல்தான் ஏர் இந்தியா தனி விமானத்தில் 119 இந்தியர்கள் டெல்லி வந்து சேர்ந்தார்கள். வந்து மீண்டும் ஒரு முகாமில் இருந்தார்கள்.

யோகஹாமாவில் ஒரு கப்பல் இப்படிக் கிடக்கும்போது அடுத்த கப்பலையும் ஏற்க ஜப்பானுக்கு மனம் வரவில்லை. பிப்ரவரி 6-இல் பிரதமர் அபே வெஸ்டர்டாம் பெயரைச் சொல்லியே அதிலுள்ள வெளிநாட்டவருக்கு அனுமதி மறுத்தார். ஒரு நாடு ஊரையோ ஊர்க்காரரையோ தடுப்பது வழக்கம்; ஜப்பானோ ஒற்றைக் கப்பலைப் பேர் சொல்லித் தடுத்தது. பயணத்தின் கடைசி ஊர் யோகஹாமா, எல்லோருடைய திரும்பும் விமானமும் ஜப்பானிலிருந்து. அத்தனை டிக்கெட்டும் அன்றோடு வெறுந்தாள்.

அடுத்து குவாம். பசிபிக்கில் இருக்கும் அமெரிக்கத் தீவு. அறுநூறு அமெரிக்கர்கள் இருக்கும் கப்பலை அமெரிக்க மண் ஏற்கும் என்று நம்பியிருப்பார்கள். சிறு தீவு, சிறு மருத்துவமனை, உள்ளூர் அரசு முடியாது என்றது. என்னால் குவாமைக் குறைசொல்ல முடியவில்லை. இரண்டாயிரத்து இருநூறு பேரில் நூறு பேருக்கு மூச்சுத் திணறினால் அந்தத் தீவு என்ன செய்திருக்கும்? ஆனால் இதே கேள்வியை ஒவ்வொரு துறைமுகமும் கேட்டுக்கொண்டால் கப்பல் எங்கேதான் போவது?

இதற்கு விடை எழுதிவைத்த சட்டம் உண்டு. அதே சுகாதார விதிகளின் 28-ஆம் பிரிவு, பொதுச் சுகாதாரக் காரணத்துக்காக ஒரு கப்பலைத் துறைமுகத்தைத் தொடவிடாமல் தடுக்கலாகாது என்கிறது. தொற்று இருந்தால் சோதியுங்கள், பிரித்துவையுங்கள், கிருமிநீக்கம் செய்யுங்கள். துறைமுகத்துக்கு அந்த வசதி இல்லாவிட்டால் வசதியுள்ள பக்கத்துத் துறைமுகத்துக்கு அனுப்புங்கள். இதுதான் அதன் சாரம். மீறினால் தண்டனை என்ன என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் நாடுகளுக்கு எடுத்துச் சொன்னார். எடுத்துச் சொல்வதைத் தவிர அவர் கையில் வேறு ஆயுதம் இல்லை.

கப்பலுக்குள் வாழ்க்கை வழக்கம்போல நடந்தது. இங்கே யாரையும் அறையில் அடைக்கவில்லை, அடைக்கக் காரணம் இல்லை. இசை, சீட்டாட்டம், மூன்று வேளை விருந்து. நடுவில் வெப்பமானி. நிறுவனம் பயணக் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகவும், இன்னொரு பயணம் இலவசம் என்றும் அறிவித்தது. கரை தெரியாமல் நிற்பவனிடம் அடுத்த முறை இலவசமாக வாருங்கள் என்று சொன்னால் அவன் சிரிப்பானா, முறைப்பானா தெரியவில்லை.

பிப்ரவரி 10-இல் நல்ல செய்தி வந்தது. தாய்லாந்தின் லேம் சபாங் துறைமுகத்தில் 13-ஆம் தேதி எல்லோரும் இறங்கலாம், பாங்காக்கிலிருந்து ஊருக்கு விமானம். பயணிகள் டிக்கெட் மாற்றினார்கள். மறுநாள் தாய்லாந்துச் சுகாதார அமைச்சர் அனுதின் தம் முகநூல் பக்கத்தில் எழுதினார்: அனுமதி இல்லை, உத்தரவிட்டுவிட்டேன். அரசிதழில் இல்லை, துறைமுகத்துக் கடிதத்தில் இல்லை, முகநூலில். தாய்லாந்துக் கடற்படைக் கப்பல் ஒன்று வெஸ்டர்டாமை வளைகுடாவுக்கு வெளியே கொண்டுபோய் விட்டது. ஹாங்காங்கை விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் எல்லா நாடும் சொன்ன தனிமைக் கணக்கு பதினான்கு நாள். நடுக்கடலில் யாரும் விதிக்காத தனிமையை அந்தக் கப்பல் முக்கால்வாசி முடித்தே விட்டது. கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

நமக்கு இது புதிய கதை இல்லை. இராமேசுவரம் ரயிலில் போனால் மண்டபம் கேம்ப் என்று ஒரு நிலையம் வரும். அந்த கேம்ப், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் கூலித் தொழிலாளர்களை நிறுத்திவைத்த முகாம். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்தியது. பிளேக், காலரா பயம். காய்ச்சல் இருக்கிறவனும் இல்லாதவனும் அங்கே காத்திருந்துதான் கடல் தாண்ட வேண்டும். எங்கிருந்து வருகிறாய் என்பதே நோய்க்குறி. வெஸ்டர்டாமின் மேல்தளத்து அறைக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்தவர்களுக்கு அந்தக் கேள்வி வாழ்க்கையில் முதல் தடவையாக வந்திருக்கும்.

கடைசியில் கதவைத் திறந்தது கம்போடியா. பணக்கார நாடில்லை, மருத்துவ வசதியில் தாய்லாந்தோடும் ஜப்பானோடும் வைத்துப் பேச முடியாது. பிப்ரவரி 13 காலை கப்பல் சிஹானூக்வில் கடலில் வந்து நின்றது. உடம்பு சரியில்லாத இருபது பேரின் மாதிரிகளை ஹெலிகாப்டரில் புனோம் பென்னில் உள்ள பாஸ்டர் நிறுவனத்துக்குக் கொண்டுபோனார்கள். எல்லாம் தொற்றில்லை. மறுநாள் பிரதமர் ஹுன் சென் தாமே துறைமுகத்துக்கு வந்தார், முகக்கவசம் இல்லாமல். இறங்கியவர்களுக்குக் கைகொடுத்தார், ரோஜாப்பூ கொடுத்தார். அந்நாட்டுக் கட்டத் துண்டைக் கழுத்தில் போட்டு வரவேற்றார்கள். நோயைவிடப் பயம்தான் பெரிய நோய் என்ற தொனியில் பேசினார். காதலர் தினம் வேறு. டிரம்ப் நன்றி தெரிவித்தார். டெட்ரோஸ் பாராட்டினார்.

ஹுன் சென்னைப் பெரிய மனிதராக்கிவிட எனக்கு ஆசையில்லை. ஒன்பது நாள் முன்னால் அவர் பெய்ஜிங் போய் ஷி ஜின்பிங்கைப் பார்த்துவிட்டு வந்தவர். சீனத்தோடு உள்ள உறவுக்காக, கிருமியைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்று உலகுக்குக் காட்ட வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. ரோஜாவுக்குள் அரசியல் இருந்தது. அதற்காகப் பூ வாங்கியவர்களுக்குக் கரை கிடைத்தது பொய்யாகிவிடாது.

கரை கிடைத்தது, ஊர் கிடைத்தபாடில்லை. முதலில் கிளம்பியவர்களில் 145 பேர் 14-ஆம் தேதி தனி விமானத்தில் கோலாலம்பூர் போனார்கள், அங்கிருந்து ஆளுக்கொரு திசை. விமான நிலையத்துக் கருவி 83 வயது அமெரிக்கப் பெண்மணி ஒருவருக்குக் காய்ச்சல் என்று காட்டியது. சோதித்தார்கள், தொற்று. கம்போடியாவும் கப்பல் நிறுவனமும் நம்பாமல் மறுபடி பார்க்கச் சொன்னதும் மலேசியா மறுபடி பார்த்தது, மறுபடியும் தொற்று. கூட வந்த கணவருக்கு இல்லை. பூங்கொத்தும் கட்டிப்பிடிப்புமாக அனுப்பிவைத்த காட்சி ஒரே இரவில் உலகப் பத்திரிகைகளில் முட்டாள்தனமாக மாறியது. வெஸ்டர்டாமில் வந்தவர்களுக்கு மலேசியா கதவைச் சாத்தியது. புனோம் பென் விடுதியிலும் கப்பலிலும் மீதிப்பேர் மாட்டிக்கொண்டார்கள். மூக்கில் குச்சி விட்டு எடுத்த சோதனையில் தொற்றில்லை என்று வந்த பிறகே வெளியேற்றம், வந்த பிறகும் எந்த நாட்டு வழியாகப் போகலாம் என்பது நாளுக்கு நாள் மாறியது. கம்போடியாவில் எஞ்சிய 781 பயணிகளையும் சோதித்தார்கள். ஒருவருக்கும் இல்லை.

ஒருவருக்கும் இல்லையென்றால் அந்த மூதாட்டிக்கு யாரிடமிருந்து வந்தது? வாரக்கணக்கில் கழித்து, அவருக்கு முதலில் வந்த முடிவே பிழையாக இருந்திருக்கலாம் என்ற கருத்து வலுத்தது. அவரோடு உணவு உண்டவர்கள், பேருந்தில் உட்கார்ந்தவர்கள் என்று யாருக்கும் நோய் வரவில்லை. ஐந்து நாடுகள் திருப்பி அனுப்பிய அந்தக் கப்பலில் ஒருவேளை கிருமியே இருந்ததில்லை. பத்திரிகைகள் இந்தப் பிற்சேர்க்கைக்கு அதிக இடம் கொடுக்கவில்லை. மார்ச் மாதத்தில் உலகத்துக்கு வேறு கவலை வந்துவிட்டது.

அந்த வேறு கவலையில் கப்பல்களும் உண்டு. மார்ச் 7-இல் பியூனஸ் ஐரிஸிலிருந்து கிளம்பிய சான்டாமும் வெஸ்டர்டாமை நடத்திய அதே நிறுவனத்தின் கப்பல். அதில் உண்மையாகவே நோய் இருந்தது. சிலியில் இறங்க விடவில்லை. ஏப்ரல் 2-இல் ஃப்ளோரிடாவைத் தொடுவதற்குள் நான்கு பேர் இறந்துபோனார்கள். மார்ச் 14-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பயணக் கப்பல்களுக்குப் புறப்படவே தடை போட்டது. தடை நிபந்தனையாயிற்று, நிபந்தனை தடுப்பூசிச் சான்றாயிற்று, சான்று சோதனைத் தாளாயிற்று, சோதனை இத்தனை மணி நேரத்துக்குள் எடுத்திருக்க வேண்டும் என்ற கணக்கு மாதாமாதம் மாறியது. 2022 ஜூலையில் அந்த மையம் கப்பல்களுக்கான தன் கோவிட் திட்டத்தையே முடித்துக்கொண்டது. பயணம் முன்பதிவு செய்தவர் படித்த விதி வேறு, பெட்டி கட்டும்போது வேறு, படியேறும்போது வேறு.

சிங்கப்பூர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. 2020 நவம்பர் 6-இல் வேர்ல்ட் டிரீம் என்ற கப்பல் எங்கும் போகாத பயணத்துக்குக் கிளம்பியது. சிங்கப்பூரில் ஏறி, கடலில் சுற்றி, சிங்கப்பூரிலேயே இறங்க வேண்டும். வேறு துறைமுகம் கிடையாது. சிங்கப்பூரில் வசிப்பவர்களுக்கு மட்டும், பாதிக் கூட்டம், ஏறுமுன் சோதனை. முதலில் கேட்டபோது கேலிக்குரியதாகத் தோன்றியது. கொஞ்சம் யோசித்தால், நடுவழியில் வேறொரு நாட்டின் விதி குறுக்கே வர முடியாத ஒரே கடல் பயணம் அது.

டிசம்பரில் அதே முறையில் கிளம்பிய குவாண்டம் ஆஃப் த சீஸ் கப்பலில் வயிற்றுப்போக்கென்று மருத்துவரிடம் போன ஒரு பயணிக்குச் சோதனையில் தொற்று என்று வந்தது. அவருக்கும் வயது 83. கப்பல் ஒருநாள் முன்னதாகவே, 9-ஆம் தேதி, துறைமுகத்துக்குத் திரும்பியது. 1,680 பயணிகளும் மணிக்கணக்கில் அறைக்குள் இருந்தார்கள், வாசலில் சாப்பாட்டுப் பெட்டி. பெரியவரை மருத்துவமனையில் மறுபடி சோதித்தார்கள், இன்னொரு முறை சோதித்தார்கள். தொற்றில்லை. அதற்குள் அன்று மாலையே மற்றவர்கள் இறங்கி வீட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். கப்பல் வேறு எந்தக் கரையையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.